மாரப்பன் லிவரை அமுக்கினால்

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். மாரப்பனுக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

பழனாத்தாளின் மஞ்சள் காட்டுக்கு எரு அடிக்க மாரப்பனின் பழைய டிராக்டர் வந்திருந்தது. ஏற்றத்தில் நிறுத்தி முதல் நடையைக் கொட்டினார். கொட்டி முடித்தும் டிப்பர் பெட்டி இறங்காமல் பின்னால் சாய்ந்தே நின்றது. மேற்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது. காடு நனைந்தால் வண்டி உள்ளே இறங்காது, மீதி எரு வாசலிலேயே கிடந்து கரைந்துபோகும். பழனாத்தாள் வண்டியருகே ஓடிவந்தாள். மாரப்பனோ பெட்டியை ஏற்றி இறக்கும் லிவரைக் கீழே தள்ளிவிட்டு வேப்பமரத்தடியில் வெற்றிலை போட உட்கார்ந்துவிட்டார்.

"பெட்டி எறங்காதுங்களாண்ணா?"

"என்ன கேள்வி கேட்டுப்போட்ட. இந்த லிவரு தூக்குறதை விட அமுக்குறதுலதான் கெட்டி. போன மாசியில ஒரு போர்வெல் குழாய் எறங்காம நின்னுச்சு. மேல இந்தப் பெட்டியைத் தூக்குற ஜாக்கியை வெச்சு ஒரே அமுக்கு. பொசுக்குனு போயிருச்சு."

பக்கத்துக் காட்டுக் கிட்டுசாமிக்குப் பொறுக்கவில்லை. "ஒத்தை ஹோஸ் போற ஜாக்கிங்க அது. எண்ணெய் மேல தள்ளும், அவ்வளவுதான். கீழ வாறது பெட்டியோட எடையில."

"அது ஊரான் வண்டிக்கு. எங்க தோட்டத்துல யானைத் தண்டிக்கு ஒரு பாறை. அமுக்கினேன். மறுநா கெணத்துக்குள்ள வந்து எட்டிப் பாக்குது. அங்கயும் அமுக்கினேன். இப்ப எந்தச் சீமைக்காரன் காட்டுல மொளைச்சுருக்கோ."

கிட்டுசாமி விடவில்லை. "யாரும் கேட்டு வரலீங்களா?"

"வந்தான். பேசுறது புரியல. மோரு குடுத்து அனுப்பிச்சுட்டேன்."

பழனாத்தாளின் கையில் முதல் தூறல் விழுந்தது. கூச்சநாச்சமில்லாத வாய் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாறையை அமுக்கின லிவரு இந்தப் பெட்டியை அமுக்காதுங்களா?"

மாரப்பன் அண்ணாந்து பெட்டியைப் பார்த்தார். கொஞ்சமும் கலங்கவில்லை. "அது எப்பவோ எறங்கிருச்சு சாமி. அமுக்கின வேகத்துல நெலமும் கூடவே எறங்கிப்போச்சு. அதனாலதான் ஒசரத்துல நிக்கிற மாதிரி தெரியுது."

பழனாத்தாள் மாட்டுக் கயிற்றைக் கொண்டுவந்து பெட்டியின் முன்விளிம்பில் கிட்டுசாமியை மாட்டச் சொல்லி, மறுமுனையை மாரப்பன் கையில் திணித்தாள். "முன்னால நின்னு தொங்குங்க."

அவரும் கிட்டுசாமியும் சேர்ந்து தொங்கினார்கள். பெட்டி முனகியது, அசைந்தது, பிறகு தன் எடையில் மெல்ல வந்து சட்டத்தில் உட்கார்ந்தது. கயிறு தளர்ந்ததும் கீழே விழுந்த மாரப்பன் வேட்டியெல்லாம் எருவோடு எழுந்தார்.

"நெலம் மேல வந்துருச்சுங்கண்ணா," என்றாள் பழனாத்தாள். "வண்டியை எடுங்க."