நகுமோவும் ஒரு கிண்ணம் கஞ்சியும்

"எனக்குக் கோல் விழ மாட்டேங்குது அம்மா," என்றான் நகுமோ.

"கோல்னா?" என்று கேட்டாள் சேய்ரின்.

நகுமோவுக்குக் கோயில் வாசலிலேயே பாதி நம்பிக்கை போயிருந்தது.

அவன் அணியின் கேப்டன் ஓனுகி அவனிடம் சொல்லி அனுப்பியது வேறு. மலையடிவாரக் கோயிலில் நரைத்த புருவத்தோடு ஒரு பெரிய துறவி இருக்கிறார், ரெண்டே வார்த்தை சொல்வார், மனசு கண்ணாடி மாதிரி ஆகிவிடும் என்றான். வந்து பார்த்தால் மொட்டைத் தலையோடு ஒரு சின்னப் பெண் நிற்கிறாள். அவனைவிட வயசு குறைவு. கையில் அரிசி கழுவின ஈரம். முதுகில் துணியால் கட்டின குழந்தை.

"பெரியவர் இல்லையா?"

"அப்பா போன வருஷம் தவறிட்டார். இப்ப நான்தான் இங்க குரு. என் பேர் சேய்ரின். இவ என் பொண்ணு சிஹோ."

சிஹோ அவனைப் பார்த்து உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

சரி, வந்தது வந்தாயிற்று. நகுமோ செருப்பைக் கழற்றி ஒழுங்காகத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போய் மண்டியிட்டு உட்கார்ந்தான்.

"நான் கால்பந்து விளையாடறவன் அம்மா. அதுதான் பிழைப்பு. முன்வரிசை ஆட்டக்காரன். மத்தவங்க பந்தைக் கொண்டு வந்து குடுப்பாங்க. நான் அதை வலைக்குள்ள அடிக்கணும். அதுக்குப் பேர் கோல்."

"அடிக்கலேன்னா?"

"மத்த பத்துப் பேர் ஓடினதும் வீண்."

"பாவம், அந்தப் பத்துப் பேர்," என்றாள் சேய்ரின்.

நகுமோ தன் கதையைச் சொன்னான். முதல் முதலில் பெரிய நகரத்து அணியில் சேர்ந்தபோது ரயில் நிலையத்தில் அவனுக்கு ஆளுயரப் படம் வைத்தார்கள். அடுத்த அணி, பனி கொட்டுகிற வடக்கே. அங்கே பஸ் நிறுத்தத்தில் இடுப்பு வரைக்கும் படம். நடுவில் ஒரு வருஷம் தாய்லாந்து. அங்கே படத்தில் வேறு யாரோ இருந்தார்கள், கீழே இவன் பேர் இருந்தது. இப்போது இந்தக் கடற்கரை ஊரில், மூணாம் பிரிவில், மீன் கடைக் கதவில் தலை மட்டும் ஒட்டியிருக்கிறது.

"கதவு திறந்திருந்தா அதுவும் தெரியாது," என்றான்.

"கடை எப்பவும் திறந்துதானே இருக்கு?"

"ஆமாம்மா."

சேய்ரின் சிரிப்பை அடக்கிக்கொண்டு குழந்தையை முதுகிலிருந்து இறக்கினாள்.

"வசந்த காலத்துல ஒரு கோல் போட்டேன். அதோட சரி. இப்ப இலையெல்லாம் சிவந்துடுச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை கடைசி ஆட்டம். அன்னைக்கும் போடலேன்னா அடுத்த வருஷம் என்னை எடுக்க மாட்டேன்னு கோச் முகத்துக்கு நேரா சொல்லிட்டார். வேற எந்த அணியும் கூப்பிடலை. பந்தை விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

"உங்களுக்குன்னு ஒரு நல்ல பேர் இருக்குமே?"

நகுமோவின் முகம் அப்போதுதான் கொஞ்சம் மலர்ந்தது.

"இருக்கும்மா. ஜப்பான்லயே மரியாதையான ஆட்டக்காரன்னு பரிசு வாங்கியிருக்கேன். பந்து வெளியே போனா அடுத்த நொடியே பாஸ் குடுத்தவரைத் திரும்பிப் பார்த்துக் கைகூப்பித் தலை குனிஞ்சு மன்னிப்புக் கேட்டுடுவேன். ஒரு தடவை கூடத் தவறினதில்லை. நான் குனியறதைப் பார்க்கவே ஜனங்க வராங்க. மத்தவங்க கோலுக்குத் தட்டறதைவிட என் மன்னிப்புக்கு அதிகமா கை தட்டுவாங்க."

"அப்படியா," என்றாள் சேய்ரின்.

எழுந்து உள்ளே போனாள். ஏதாவது மந்திரம் எழுதின சீட்டு கொண்டுவருவாள் என்று நகுமோ முதுகை நிமிர்த்திக்கொண்டான்.

ஒரு கிண்ணம் கஞ்சியும் ஒரு சின்ன மர ஸ்பூனும் வந்தன.

"சிஹோவுக்கு ஊட்டி விடுங்க. கிண்ணம் காலியானதும் பேசலாம்."

"தியானம்...?"

"கஞ்சி ஆறிடும்."

திங்கட்கிழமை நகுமோ ஸ்பூனை விமானம் மாதிரி பறக்கவிட்டான். சிஹோ விமானத்தைக் கடைசி வரைக்கும் கண்ணால் பார்த்தாள். பக்கத்தில் வந்ததும் கையால் ஒரு தட்டு. விமானம் நகுமோவின் புருவத்தில் இறங்கியது.

"மன்னிச்சுடு," என்று அவன் குழந்தையின் முன்னால் தலை குனிந்தான்.

செவ்வாய்க்கிழமை தொழில் புத்தியைக் காட்டினான். இடது பக்கம் போவது போல் போய், வலது பக்கம் திருப்பி, நடுவில் புகுந்தான். பெரிய பெரிய தடுப்பாட்டக்காரர்கள் ஏமாந்த வித்தை. சிஹோ ஏமாறவில்லை. கஞ்சி அவள் காதுக்குப் போனது.

"மன்னிச்சுடும்மா," என்று மறுபடியும் குனிந்தான்.

புதன்கிழமை கெஞ்சினான். வியாழக்கிழமை பாடினான். பாட்டைக் கேட்டுக் கோயில் பூனை எழுந்து வெளியே போனது.

பயிற்சி முடித்து வருகிறவன் ஜெர்சியில் மண் இருக்கும். வீட்டுக்குத் திரும்பும்போது மண்ணின் மேல் கஞ்சி இருக்கும். துவைக்கிற கடைக்காரம்மா, "எந்த ஊர்ல கஞ்சித் தண்ணியில விளையாடறாங்க?" என்று கேட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அவனுக்குப் பொறுமை போய்விட்டது.

"அம்மா, கோல் கம்பமே பரவாயில்லை! அது பாட்டுக்குத் திறந்து கிடக்கும். இவ வாயைத் திறக்கவே மாட்டேங்கறா!"

சேய்ரின் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"திறந்துட்டுதான் இருக்கா," என்றாள்.

"எப்போ? நான் ஒரு வாரமா முன்னாலயே உட்கார்ந்திருக்கேனே!"

"இப்பக்கூட. நீங்க இவ கையால தட்டு வாங்கிட்டு மன்னிப்புக் கேட்கக் குனிஞ்சீங்க. அந்த நேரத்துல ரெண்டு தடவை திறந்தா."

நகுமோவின் கையில் ஸ்பூன் அப்படியே நின்றது.

"ரெண்டு தடவையா?"

"மூணாவது கொட்டாவி. அதை நான் சேர்க்கலை."

அவன் குழந்தையைப் பார்த்தான். குழந்தை அவனைப் பார்த்தாள். உதடு மூடியேதான் இருந்தது.

சனிக்கிழமை ஸ்பூன் போனது. சிஹோ ஒரு தட்டுத் தட்டினாள். கஞ்சி மோவாயில் வழிந்தது. நகுமோவின் கழுத்து தானாக மடங்கப் பார்த்தது. இத்தனை வருஷத்துப் பழக்கம், கதவுக் கீல் மாதிரி அதுவே மடங்கும். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை நிமிர்த்தியே வைத்திருந்தான். ஸ்பூனையும் இறக்கவில்லை.

அவன் முகம் போன கோணலைப் பார்த்து சிஹோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கீழே ரெண்டு பல். மேலே ஒண்ணும் இல்லை. நடுவில் வழி.

ஸ்பூன் உள்ளே போயிற்று.

நகுமோ துள்ளி எழுந்தான். ஜெர்சியைத் தலைக்கு மேல் பாதி கழற்றிவிட்டான். கட்டிப்பிடிக்க யாரும் இல்லை. புத்தர் மட்டும் இருந்தார். நகுமோ அவசரமாக ஜெர்சியை இழுத்துவிட்டுக்கொண்டான்.

அதற்குள் சிஹோ கஞ்சியை வெளியே தள்ளிவிட்டாள்.

"இது கணக்குல வருமா?" என்று கேட்டாள் சேய்ரின்.

"கோட்டைத் தாண்டிட்டா கணக்குதான் அம்மா!"

"அப்போ மிச்சக் கிண்ணம்?"

கிண்ணம் காலியாக ரொம்ப நேரம் ஆயிற்று. தரையிலும் தலையிலும் போனது போக பாதிக்கு மேல் குழந்தைக்குள்ளேதான் போனது. கோல் விழ என்ன வழி என்று கேட்க வந்ததை அன்றைக்கும் கேட்கவில்லை. கை கழுவிக்கொண்டு போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மைதானம் நிறைந்திருந்தது.

முதல் பாதியில் ஓனுகி தங்கத் தட்டில் வைத்த மாதிரி ஒரு பந்து கொடுத்தான். நகுமோ அடித்தான். கோல்கீப்பர் வயிற்றில் பட்டு உருண்டது. பழக்கம் விடவில்லை. நகுமோ ஓனுகியைத் திரும்பிப் பார்த்துக் கைகூப்பிக் குனிந்தான். ஜனங்கள் கை தட்டினார்கள். குனிந்த தலைக்கு நேரே கீழே, அவன் ரெண்டு காலுக்கும் நடுவில், பந்து மெதுவாக உருண்டு போவதை அவனே பார்த்தான்.

இத்தனை வருஷத்தில் எத்தனை பந்து இப்படிப் போயிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே அதன் பின்னால் ஓடினான்.

இரண்டாவது பாதியிலும் யாருக்கும் கோல் விழவில்லை. வெளியே கோச் கையைக் கட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

ஆட்டம் முடியப்போகிற நேரம். ஓனுகி மூலையிலிருந்து பந்தைத் தூக்கிப் போட்டான். நகுமோ ஓங்கி அடித்தான். கோல்கீப்பர் பாய்ந்து தட்டினான். பந்து மேல் கம்பத்தில் மோதி, எல்லார் தலைக்கும் மேலே எழும்பியது.

மைதானமே "ஐயோ" என்றது.

நகுமோவின் கை கூப்பிக்கொண்டது. கழுத்து மடங்க ஆரம்பித்தது. பாதி மடங்கியது.

பாதியில் நின்றது.

பாதி குனிந்த தலை, கூப்பின கை, நிமிர்ந்த கண். எவ்வளவு கேவலமான கோலம்! ஆனால் மேலே போன பந்து கீழே வந்தபோது சரியாக அந்த இடத்தில் நகுமோவின் மூக்கு இருந்தது.

மூக்கில் பட்டு வலைக்குள் போயிற்று.

அப்புறம் நடந்தது நகுமோவுக்குச் சரியாக ஞாபகம் இல்லை. எல்லாரும் அவன் மேல் விழுந்தார்கள். டாக்டர் வந்து மூக்கின் ரெண்டு துவாரத்திலும் பஞ்சை அடைத்தார். கோச் ஓடி வந்து அவன் கன்னத்தைப் பிடித்து, "அடுத்த வருஷமும் இந்த மூக்கு எனக்கு வேணும்டா!" என்று கத்தினார்.

ஆட்டம் முடிந்தது. வழக்கம்போல எல்லாரும் ஜனங்களின் முன்னால் வரிசையாக நின்றார்கள். ஓனுகி குரல் கொடுத்தான். எல்லாத் தலையும் ஒன்றாகக் குனிந்தது.

ஒரு தலை மட்டும் நிமிர்ந்தே இருந்தது.

"டேய், குனிடா," என்று ஓனுகி குனிந்தபடியே பல்லுக்கு நடுவில் சொன்னான். "ஜனங்க உன்னையேதான் பார்க்கறாங்க."

"நீங்க குனிங்க. நான் பார்த்துக்கறேன்," என்றான் நகுமோ, அடைத்த மூக்கோடு.

"என்னத்தடா பார்க்கறே? ஆட்டம்தான் முடிஞ்சுபோச்சே!"

நகுமோவின் கண் தூரத்தில் காலியாக நின்ற கோல் கம்பத்தை விட்டு அசையவில்லை.

"அப்படித்தான் நாம நினைப்போம்," என்றான். "திடீர்னு திறந்துடுவா."