உங்கள் நாட்டில் கிடைக்காது

"ஆசானே, இந்தச் சனியனைத் திறந்து குடுங்க. இல்லைன்னா தூக்கி நடுரோட்டுல அடிச்சிருவேன்."

செல்லப்பாண்டி மடிக்கணினியைத் திறந்தபடியே கையில் ஏந்திக்கொண்டு வாசலில் நின்றான்.

குவைத்தில் வெள்ளிக்கிழமை மதியம். உமாபதி ஆசான் தன் அறையில் சுலைமானி டீ போட்டுக்கொண்டிருந்தார்.

ஆசானுக்குக் கிடங்கில் வேலை. விடுமுறை நாட்களில் காலையில் நாலைந்து பேருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பார். செல்லப்பாண்டியைவிட வயதில் இளையவர், ஆனாலும் ஆசான் ஆசான்தான். கோபம் கொஞ்சம் அடங்கட்டும் என்று மனைவி கெஞ்சியதால் செல்லப்பாண்டி அவரிடம் வந்து சேர்ந்தான். இரண்டு வருஷமாக இழுத்து விடுகிறான். மூச்சு நன்றாக நீண்டிருக்கிறது. கோபம் அப்படியே இருக்கிறது.

"என்ன ஆச்சுண்ணே?"

"பாப்பாவுக்கு இன்னைக்கு கபடி ஃபைனல். மாநில டீமுக்கு ஆள் எடுக்க வந்திருக்காங்களாம். இப்ப ஆரம்பிச்சிருவாங்க. இங்க பாருங்க, என்னா எழுதியிருக்குன்னு."

கறுப்புத் திரை. நடுவில் ஒரே ஒரு வரி.

உங்கள் நாட்டில் இந்தக் காணொளி கிடைக்காது.

"போன வாரம் பார்த்தேன்னு சொன்னீங்களே?"

"செமி ஃபைனலை முழுசாப் பார்த்தேன். பளிச்சுன்னு தெரிஞ்சுது. இன்னைக்கு என்ன கேடு வந்துச்சு இதுக்கு?"

காலையிலிருந்து அவன் பட்ட பாடு கொஞ்சமில்லை. நாட்டை மாற்றிக் காட்டுகிற ஒரு ப்ளக்கின் போட்டால் திறந்துவிடும் என்று பக்கத்து அறைக்காரன் சொன்னான். போட்டான். அது உள்ளே வந்ததும் முதல் வேலையாக இன்னொரு ப்ளக்கின் வேண்டும் என்றது. அதையும் போட்டான். அது அவனை ஜெர்மனிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டதாகச் சொன்னது. ஜெர்மனியில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. இந்தியா வேண்டும் என்று அமுக்கினால், தலையில் முடி வளர எண்ணெய் விளம்பரம். அதை மூடினால் உள்ளே இன்னொரு எண்ணெய். மூன்றாவதாக ஒன்று வந்து, முன்னால் போட்ட இரண்டும் ஆபத்தானவை, உடனே நீக்கு என்று மிரட்டியது. நீக்கினான். அதோடு சேர்ந்து சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டெல்லாம் போயிற்று.

ஆசான் ஒரு கிளாஸை நீட்டினார். செல்லப்பாண்டி வாங்கவில்லை.

"வீட்டுல அக்காவைக் கூப்பிட்டுப் பார்த்தீங்களா?"

"அவ மைதானத்துலதான் இருக்கா. போனை எடுக்க மாட்டேங்கிறா. எல்லாரும் சேர்ந்து என்னைக் கொல்றாங்க, ஆசானே."

அவன் குரல் உடைந்தது. உடைந்ததே அவனுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"யாருக்காக இங்க வந்து வெந்து சாகிறேன்? அது ஆடுறதுக்கு நான் வேணும், பார்க்கிறதுக்கு மட்டும் நான் ஆகாதா? எவனோ ஒருத்தன் ஏசியில உக்காந்துக்கிட்டு, குவைத்துல இருக்கிறவனுக்குக் காட்டாதேன்னு பட்டனை அமுக்குறான். அவனுக்குப் பிள்ளை குட்டி இல்லையா?"

நியாயமான கோபம்தான். பெற்ற பெண் ஆடுவதை அப்பன் பார்க்கக் கூடாது என்று சொல்ல ஒரு கணினிக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? கேட்கிற யாருக்கும் ரத்தம் கொதிக்கும்.

ஆசான் மடிக்கணினியை வாங்கினார். ஒரு நொடி பார்த்தார். மூடி வைத்தார்.

"ஏன் மூடுறீங்க?"

"இதைத்தானே காலையில இருந்து உடைச்சுக்கிட்டு இருக்கீங்க. பூட்டினவங்ககிட்ட கேட்டீங்களா?"

"பூட்டினவன் எவன்னு எனக்கு என்ன தெரியும்? அமெரிக்காவுல இருப்பான்."

"மேட்ச் நடத்துறது யாரு?"

"எங்க ஊர்க் கமிட்டி."

"லைவ் போடுறது?"

"அவங்கதான்."

"போன் பண்ணுங்க."

செல்லப்பாண்டி கமிட்டிச் செயலாளர் சரவணமுத்துவின் எண்ணைத் தேடி, திரையே உடைகிற மாதிரி அமுக்கினான். ஸ்பீக்கரில் போட்டான். ஆசானும் கேட்கட்டும், அவர்கள் லட்சணத்தை.

"என்ன தம்பி கமிட்டி நடத்துறீங்க? லைவ் குவைத்துல தெரியலையே! உருப்படுவீங்களா நீங்கல்லாம்?"

மைக் இரைச்சலுக்கு நடுவே சரவணமுத்துவின் குரல் வந்தது.

"தெரியாதுண்ணே. குவைத்துக்கு மட்டும் நிறுத்தி வச்சிருக்கோம்."

"குவைத்துக்கு மட்டுமா? துபாய்ல தெரியுதா?"

"தெரியுதுண்ணே."

"சவுதியில?"

"தெரியுது."

"அப்ப குவைத்துக்காரன் என்னடா பாவம் பண்ணினான்? எவன் நிறுத்தச் சொன்னது? பேரைச் சொல்லு. இன்னைக்கு அவனை நான் சும்மா விட மாட்டேன்."

"உங்க பாப்பாதாண்ணே சொல்லுச்சு."

செல்லப்பாண்டியின் காதில் விழுந்தது. புரியவில்லை.

"என்னது?"

"வெளிநாட்டுல இருந்து யார் யார் பார்க்கிறாங்கன்னு, லைவ்ல வர்ற கமெண்டையெல்லாம் மைக்ல வாசிப்போமில்லண்ணே. போன மேட்ச்ல நீங்க போட்டதையும் வர்ணனைக்காரர் அவசரத்துல வாசிச்சுட்டாரு. 'தண்டச்சோறு, திங்கிற சோத்துக்காவது ஓடு'ன்னு. அடுத்து, 'உன்னைப் பெத்ததுக்கு'ன்னு ஆரம்பிச்சாரு. நான் ஓடிப்போய் மைக்கைப் புடுங்கிட்டேன்."

"தம்பி..."

"அதுக்குள்ள கூட்டமே சிரிச்சிருச்சுண்ணே. பாப்பா கோட்டுக்குள்ள நின்னபடி ஸ்பீக்கரையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. நேத்து அக்காவைக் கூட்டிக்கிட்டு எங்ககிட்ட வந்துச்சு. எங்கப்பா பார்த்தா நான் ஆடலைன்னு சொல்லிருச்சு. எங்களுக்கும் வேற வழி தெரியலைண்ணே."

செல்லப்பாண்டி போனை மெதுவாகக் கட்டிலில் வைத்தான்.

போனுக்குள் விசில் ஊதியது. கைதட்டல் எழுந்தது. வர்ணனைக்காரர் ரூபிணி என்று அவள் பெயரைச் சொன்னார்.

"அண்ணே, ஆரம்பிச்சிட்டாங்க. முதல் ரெய்டே பாப்பாதான் போகுது." சரவணமுத்து குரலைத் தாழ்த்தினான். "போனை ஸ்பீக்கர் பக்கத்துல வைக்கிறேன், வர்ணனையாவது கேளுங்க. அதுக்குத் தெரியவே தெரியாது."

செல்லப்பாண்டி ஆசானைப் பார்த்தான். ஆசான் அவனைப் பார்க்கவில்லை.

"வேணாம் தம்பி," என்றான் செல்லப்பாண்டி. "கட் பண்ணிரு."