சிவக்காத தாள்

சஷ்டி முதல் நாள் காப்புக் கட்டிக்கொள்ள வந்தவர்களில் நாச்சிமுத்துதான் முதல் ஆள். தலை ஈரம்கூடக் காயவில்லை. அதற்குள் கரட்டுக் குன்றின் அடியிலிருந்த மடத்துக்கு வந்து, அங்கயற்கண்ணி அம்மையின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

குருவுக்கு நாற்பத்து மூன்று வயது, சீடருக்கு எழுபது. ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நாச்சிமுத்துவுக்கு அதில் எந்த வெட்கமும் கிடையாது. அம்மை துறவு வாங்குவதற்கு முன்னால் கோவையில் சிறுநீரக மருத்துவராக இருந்தவர். இப்போதும் காலையில் நோயாளிகளைப் பார்க்கிறார். நாடி பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் உபதேசம் என்று அவர் மேல் ஒரு கேலி உண்டு.

நாச்சிமுத்து திருப்பூரில் ஒரு சலவைப் பட்டறையில் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தவர். துணி வெளுத்த அமிலத் தண்ணீர் தொட்டிக்கு வரும். அதில் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்ற வேண்டும். தொட்டியின் வெளிவாயில் வரும் தண்ணீரில் நீல லிட்மஸ் தாளை நனைத்து, அது சிவக்காவிட்டால் அமிலம் தீர்ந்ததென்று மடையைத் திறக்கலாம். முப்பது வருஷம் இதே வேலை.

வேலையை விட்டும் அவர் தாளை விடவில்லை. நாற்பது வயதிலிருந்தே ஒவ்வொரு சஷ்டிக்கும் ஆறு நாள் வெறும் தண்ணீரோடு இருந்து, தினமும் காலையில் தன் சிறுநீரிலேயே தாளை நனைத்து ஒரு நோட்டில் ஒட்டிவந்தார். பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. தெரிந்தால் நோட்டு அடுப்புக்குப் போயிருக்கும்.

இன்று அந்த நோட்டை அம்மையின் முன்னால் விரித்து வைத்தார்.

"ஆறு நாள் போதாதுங்கம்மா. இந்த வருஷம் பன்னெண்டு நாளைக்குக் கட்டிவிடுங்க. ஆறு முகத்துக்கு ஆறு நாள் இருந்தாச்சு. பன்னெண்டு கைக்குப் பன்னெண்டு நாள் இருக்கறனுங்க."

"எதுக்கு?"

"பக்குவம் வந்துருச்சுங்க." பக்கங்களைப் புரட்டினார். "நாப்பது வயசுல ரெண்டாம் நாளே தாள் செக்கச்செவேல்னு ஆயிரும். விரதம் முடிச்சுச் சோறு தின்னா மறுநாளே சரியாயிரும். அம்பது வயசுல பாருங்க, நாலாம் நாள்தான் சிவக்குது. போன வருஷம் ஆறாம் நாள்கூட லேசா ரோஸ். அவ்வளவுதான். உள்ள இருந்த அழுக்கு போயிருச்சுங்கம்மா. இனி வர்றதுக்கு அமிலமே இல்லீங்க."

இந்த ஒரு நாளுக்காகத்தான் அவர் இத்தனை வருஷம் வயிற்றைக் கட்டியிருந்தார்.

அம்மை நோட்டைக் கடைசிப் பக்கம்வரை பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. சீடன் தேறிவிட்டதில் குருவுக்குப் பேச்சு வரவில்லை என்று நாச்சிமுத்து நினைத்துக்கொண்டார், பாவம்.

"காப்புக் கட்ட மாட்டேன்" என்றார் அம்மை.

நாச்சிமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏழு சஷ்டிக்கு இதே கையால் கட்டியவர். கேட்டு இல்லை என்று சொன்னதே கிடையாது.

"ஏனுங்கம்மா, நான் என்ன தப்புப் பண்ணேன்?" அவசர அவசரமாகச் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். "பாருங்க, போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனை. அமில அளவு, உப்பு, எல்லாத்துக்கும் நேரா சரின்னு போட்டிருக்குது."

"சரின்னுதான் போட்டிருக்கும்." அம்மை காகிதத்தைத் தொடவில்லை. "உங்க தொட்டி ஏன் இடிஞ்சுது, ஐயா?"

நாச்சிமுத்து விழித்தார். அந்தக் கதையை எப்போதோ ஒருமுறை, முருகன் தன்னைக் காப்பாற்றிய கதையாக அவரிடம் சொன்னதுண்டு. இப்போது அது எதற்கு என்று புரியவில்லை.

"சொல்லுங்க."

"சுண்ணாம்பு லாரி வரலீங்க. இருந்த மூட்டையும் தீந்துபோச்சு. பயந்துட்டே வெளிவாய்ல தாளை நனைச்சுப் பாத்தனுங்க. சிவக்கலை. மறுநாளும் சிவக்கலை. சரி, தண்ணியே நல்லாயிருச்சாட்ட இருக்குதுன்னு விட்டுட்டேன். எட்டு மாசம் அப்படியே ஓடுச்சுங்க. ஒரு நாள் டீ குடிக்கக் கீழ இறங்கறேன், நான் நின்னுட்டிருந்த தொட்டிச் செவுரு அப்படியே உக்காந்துருச்சு."

"அந்த எட்டு மாசமும் அமிலம் வர்றது நின்னுருந்துதா?"

"இல்லீங்க. எப்பவும் வர்ற மாதிரித்தான் வந்துச்சு."

"சுண்ணாம்பு நீங்க போடலை. அப்பறம் தாள் ஏன் சிவக்கலை?"

"அதுங்களா, பின்னாடி வந்த இஞ்சினியர் சொன்னாருங்க. சிமெண்ட்டுலயே சுண்ணாம்பு இருக்குதாமா. தண்ணி செவுத்தைக் கரைச்சுக் கரைச்சு..."

பாதியில் நிறுத்திவிட்டார். கண் தானாக நோட்டின் மேல் போயிற்று.

"பட்டினி கெடந்தா உடம்பு தன் கொழுப்பை எரிக்கும். அதுல அமிலம் வரும்" என்றார் அம்மை. "நாப்பது வயசுலயும் வரும், எழுபதுலயும் வரும். அதை வெளிய தள்றது சிறுநீரகம். தாள் சிவந்துதுன்னா அது வேலை பாக்குதுன்னு அர்த்தம். வயசான சிறுநீரகம் மெதுவாத்தான் தள்ளும். அவசரத்துக்கு அதால ஆகாது."

"அப்ப நாப்பது வயசுல சிவந்ததெல்லாம்?"

"நல்லா இருந்தீங்க."

அந்தச் சிவப்புக்காக நாச்சிமுத்து எத்தனை நாள் சாமி முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதிருப்பார். எலுமிச்சம்பழம்கூட அமிலம் என்று ஒதுக்கிவைத்தவர் அவர். மடத்தில் பழம் கொடுத்தால் பக்கத்திலிருப்பவர் மடியில் போட்டுவிடுவார்.

"எலுமிச்சங்காயைக்கூட நான் தொடறதில்லையேங்கம்மா."

"அதை விட்டுட்டு மத்த மாசமெல்லாம் கறியும் முட்டையுமாத் தின்னீங்க. நாக்குல புளிக்கிறது வேற, உள்ள போய் அமிலமாகிறது வேற. எலுமிச்சை உங்களுக்கு ஒத்தாசைதான் பண்ணியிருக்கும்."

நாச்சிமுத்து ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இனி அது ஒன்றுதான் அவர் பக்கம் இருந்தது.

"ஆனா ரத்தத்துல ஒண்ணும் இல்லீங்களே?"

"இருக்காது. உயிரே அந்த அளவுலதான் நிக்குது, உடம்பு லேசுல விட்டுக்குடுக்காது. வெளியவும் போகலை, ரத்தத்துலயும் தங்கலை. அப்ப எங்க போச்சு? தண்ணிக்காரர் நீங்க, நீங்களே சொல்லுங்க."



அம்மை எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்துவந்தார். உள்ளே எக்ஸ்ரே படம். போன தை மாசம் நாச்சிமுத்துவின் வலது மணிக்கட்டு ஒடிந்தபோது எடுத்தது. அவர் விழவும் இல்லை, எங்கும் இடித்துக்கொள்ளவும் இல்லை. ஒரு குடம் தண்ணீரைத் தூக்கினார், அவ்வளவுதான். குடம் கனம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார் அம்மை. ஒடிந்த இடத்தை நாச்சிமுத்து முன்பே பார்த்திருக்கிறார். ஒடியாத இடத்தை இன்றுதான் பார்த்தார். வெள்ளையாக இருக்க வேண்டிய எலும்பெல்லாம் இற்றுப்போன கொசுவலை மாதிரி இருந்தது. அதன் வழியே ஜன்னல் கம்பி தெரிந்தது.

"விரதத்தாலயாங்கம்மா?"

"எலும்புலயும் இருக்கறது சுண்ணாம்புதான். விரதம் மட்டும் இல்லை. வயசு இருக்கு, இத்தனை வருஷச் சாப்பாடு இருக்கு. ஆனா இப்ப இது மேல பன்னெண்டு நாள் கேக்கறீங்க."

படத்தை அவர் மடியில் வைத்துவிட்டு, தட்டிலிருந்த மஞ்சள் கயிற்றை எடுத்தார் அம்மை. பழக்கத்தில் நாச்சிமுத்துவின் வலது கை தானாக நீண்டது. கோணலாகக் கூடியிருந்த அந்த மணிக்கட்டின் மேல் கயிற்றைச் சும்மா போட்டார், முடிச்சுப் போடவில்லை.

"செவுத்துல இன்னும் எவ்வளவு சுண்ணாம்பு மிச்சம் இருக்குதுன்னு சொல்லுங்க, ஐயா. அத்தனை நாளைக்குக் கட்டறேன்."