குஞ்சரம் வெட்டின வாய்க்கால்

ஒரு ஊர்ல ஒரு குஞ்சரம் இருந்தா. குஞ்சரம்னா யானைன்னு அர்த்தம். ஆனா ஆளைப் பார்த்தா ஈர்க்குச்சி மாதிரி இருப்பா.

அவளுக்கு ஒரே ஒரு துண்டு வயல். அதுல நாத்து விட்டிருந்தா. அந்த வருஷம் பார்த்து மழை வரல. நாத்து நுனியெல்லாம் மஞ்சளாயிடுச்சு. அது செத்துப்போச்சுன்னா அவளுக்கும் அவ புருஷன் சடையனுக்கும் வருஷம் பூரா சோறு கிடையாது. சடையன் கால்ல முள்ளு ஏறி, வீங்கிப் படுத்துக் கிடக்கான். கொஞ்ச தூரத்துல ஆறு ஓடுது. அங்கேருந்து வாய்க்கால் வெட்டணும், அவ ஒருத்திதான் வெட்டணும். ம் சொல்லு.

"ம்."

அப்புறம், விடிஞ்சதும் மம்முட்டியைத் தூக்கிட்டு நேரா ஆத்தங்கரைக்குப் போனா. ஆத்து ஓரத்துலேயே ஆரம்பிச்சுட்டா. தொம்! தொம்! சரக்! தண்ணி உள்ள வந்துடுச்சு. அவ வெட்ட வெட்ட, கன்னுக்குட்டி மாதிரி பின்னாடியே வருது, சளசளசளன்னு. ஊரே கூடிடுச்சு. பக்கத்து வீட்டுப் பேச்சி கத்துனா: "ஏ குஞ்சரம்! ஆத்தையே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறியாடி?"

அவளுக்குப் பெருமை தாங்கல. பொழுது சாயறதுக்குள்ள பாதி தூரம் வெட்டிட்டா.

மறுநாள் காலைல போய்ப் பார்த்தா, ஈரத்துல ஊறின கரை ரெண்டு பக்கமும் பொதக்குனு சரிஞ்சு கிடக்கு. வாய்க்காலையே காணோம்.

அப்போ என்ன பண்ணா? மறுபடியும் ஆத்துலேருந்தே வெட்டுனா. இப்போ மண்ணு கூழாயிடுச்சு. ஒரு வெட்டு அள்ளிப் போட்டா, சளக்குனு திரும்ப உள்ள வழியுது. வேடிக்கை பார்க்கவும் யாரும் வரல. மம்முட்டியை அங்கேயே வீசிட்டு வந்து, சுவரைப் பார்த்துப் படுத்துட்டா.

சடையன் கேட்டான், "நாளைக்குப் போறியா?"

"கை வலிக்குது."

அதுக்கு அடுத்த நாளும் கை வலிக்குதுன்னா.

"அழுதாளா சித்தி?"

அழல. அழுதிருந்தாக்கூட சடையனுக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

அப்புறம் சடையனே சொன்னான், "போய் நாத்தை அறுத்து ஆட்டுக்காவது போடு. முழுசா காஞ்சா அதுவும் தின்னாது."

அருவாளை எடுத்துட்டுப் போனா. ஒரு நாத்தைப் பிடுங்கினா. வேர் இன்னும் வெள்ளையா இருக்கு! அறுக்க மனசே வரல. சும்மா உட்கார்ந்து அருவாள் நுனியால வரப்போரம் கீறினா. மண்ணு பொலபொலன்னு வந்துச்சு. அள்ளி ஓரமாப் போட்டா, போட்ட இடத்துலேயே நிக்குது. இன்னொரு கை அள்ளினா. அதுவும் நிக்குது.

அப்போதான் அவளுக்குப் புரிஞ்சுது. தண்ணி கூடவே வர்ற அழகைப் பார்க்கணும்னு ஆசைப்பட்டோம். அந்தத் தண்ணியேதான் கரையைத் தின்னுடுச்சு!

ஓடிப்போய் முதல்ல ஆத்துலேருந்து தண்ணி உள்ள வர்ற வாயை மண்ணு போட்டு அடைச்சா. அப்புறம் வயல் பக்கத்துலேருந்து ஆத்தைப் பார்த்து வெட்ட ஆரம்பிச்சா. தொம்... தொம்... சளசளன்னு சத்தம் இல்ல, கூட்டம் இல்ல. பேச்சி மட்டும் எட்டிப் பார்த்தா.

"தண்ணி அங்க இருக்கு, நீ இங்க என்னடி கீறிட்டிருக்க?"

"வாய்க்கால்க்கா."

"தண்ணி இல்லாமலா?"

"தண்ணி கடைசில வரும்."

சில நாள் நிறைய வெட்டுவா. சில நாள் ஒரு கூடை மண்ணுதான். அன்னைக்கெல்லாம் மம்முட்டியை வீசல, கழுவி மூலையில சாத்தி வச்சா. ஆத்துப் பக்கம் சரிஞ்ச இடமும் காஞ்சு போச்சு. அதையும் அள்ளி, கரையைத் தட்டித் தட்டி இறுக்கினா. ம்?

"ம்..."

கடைசில ஆத்துக்கும் வாய்க்காலுக்கும் நடுவுல அடைச்ச மண்ணு மட்டும்தான் பாக்கி. இந்தத் தடவையும் சரிஞ்சுட்டா நாத்துக்கு இன்னொரு நாள் இல்ல. கண்ணை மூடிட்டு ஓங்கி ஒரு வெட்டு.

சர்ர்ர்ர்ர்!

தண்ணி அவளைத் தாண்டிப் போயிடுச்சு. இவ பின்னாடி ஓடுறா, கரையைப் பார்த்துக்கிட்டே ஓடுறா. கரை நிக்குது! அப்போ வயல்லேருந்து சடையன் குரல். நொண்டி நொண்டி வந்து, கணுக்கால் தண்ணில நின்னுக்கிட்டு கூப்பிடுறான்.

"அடியே, மெதுவா வாடி! இங்க எப்பவோ வந்துடுச்சு!"

குஞ்சரம் அப்படியே சேத்துல தொப்புனு உட்கார்ந்தா. "அப்பாடா"ன்னா.

நாத்து தண்ணி குடிச்சாச்சு, கதையும் கரை சேர்ந்தாச்சு. நீயும் கண்ணை மூடு... தூங்கு.