தலைவர் வாய் திறந்தார்

மிளகாய் மண்டிச் சங்க விழாவில் கரோக்கி பாடவிருந்த தலைவர் சங்கரபாண்டியன், மைக்செட் பொற்கொடியை அதட்டினார். "நான் வாய் திறந்ததும் இசை தானா அடங்கணும். உன் கை எதுலயும் படக் கூடாது!"

"உங்க குரல் மைக்ல விழுந்தா தானா அடங்கிரும் ஐயா," என்றபடி அவர் தந்த பென்டிரைவைச் செருகினாள்.

மேடையில் பாட்டு கணீரென்று வந்தது. இசை மட்டும் அடங்கவே இல்லை. தலைவர் பொறுமையிழந்து, "ஏம்மா, ஏன் குறையல?" என்று மைக்கிலேயே கத்தினார்.

சட்டென்று இசை அடங்கியது. அப்போதும், பென்டிரைவில் அவருக்காகக் கூலிக்குப் பாடிக் கொடுத்தவனின் குரல் அடியில் மெல்லப் பாடிக்கொண்டே இருந்தது.

"இப்பத்தான் ஐயா உங்க குரல் வந்துச்சு," என்றாள் பொற்கொடி.

கூட்டம் குபீரென்று சிரித்தது. முன்வரிசையில் அவர் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தலைவர் கூனிக்குறுகி வாயை மூடினார்.

மூடியதும் இசை எழும்பியது. பாட்டு முன்னைவிடக் கணீரென்று ஒலித்தது.