மகாராணியின் ஒத்தைப் பின்னல்

ஒரு டப்பாவுல ஒரு ஊர் இருந்துச்சு. பிஸ்கட் டப்பா. உள்ள இருந்ததெல்லாம் பிளாஸ்டிக் கட்டைங்க. வீடு கட்டை, ரோடு கட்டை, ஆளும் கட்டைப் பொம்மை. காலை ஆட்டாதே. ம் கொட்டு. கொட்டலேன்னா கதையை நிறுத்திடுவேன்.

"ம்."

அந்த ஊர்ல எல்லாருக்கும் முகம் ஒண்ணுதான். ரெண்டு புள்ளிக் கண்ணு, ஒரு கோடு சிரிப்பு. கல்யாணத்துக்கும் அதே சிரிப்பு, எழவுக்கும் அதே சிரிப்பு. உச்சந்தலையில ஒரு குமிழ். அதுமேல எதை மாட்டுறோமோ அதுதான் ஆளு.

ஆதியில அங்க முடியே கிடையாது. தொப்பிதான். தொப்பி இல்லாதவன் மொட்டை. அப்புறம் புதுப் பெட்டி ஒண்ணு வந்துச்சு, அதுல முடி வந்துச்சு. ஆம்பளைக்கு வகிடு, பொம்பளைக்கு ரெட்டைச் சடை. ரொம்ப காலம் ஊரே அதுலதான் ஓடுச்சு. அப்புறம் கொண்டை, சுருட்டை, குதிரைவால்னு வருஷா வருஷம் புதுசு. ஆனா அச்சு செய்யறவன் கஞ்சன். ஒரு அச்சை ஒரு தலையோட விடுவானா? கறுப்பா ஊத்தினா கொள்ளைக்காரன். மஞ்சளா ஊத்தினா வாத்தியார். வெள்ளையா ஊத்தினா நீதிபதி. மூணும் ஒரே முடி. ஊர்ல யாரும் அதைப் பேச மாட்டாங்க. பேசினா மரியாதைக் குறைவு.

அந்த ஊர் மகாராணி பேரு சௌந்தரவல்லி. இடது தோள்ல விழற ஒத்தைப் பின்னல், செம்பட்டை நிறம். உலகத்துலயே இப்படி ஒரு பின்னல் இது ஒண்ணுதான்னு தினம் தண்டோரா போடச் சொல்லும் அந்தம்மா. டம் டம் டம். தண்டோராக்காரன் பேரு தம்புசாமி.

அப்போ ஒரு துறைமுகப் பெட்டி வந்துச்சு. படகு, வலை, அதோட ஒரு மீன்காரி. பேரு பாக்கியம். கூட அவ பொண்ணு ஜெசி. சின்னப் பொம்மைக்குக் கால் மடங்காது. அது நடந்தா லொடக் லொடக்னு இருக்கும். பாக்கியம் கூடையை இறக்கி வச்சுட்டு, "மீனேய்!"னு நிமிர்ந்தா பாரு, சந்தை கப்சிப். இடது தோள்ல ஒத்தைப் பின்னல். நிறம்தான் கறுப்பு. அச்சு அதேதான்.

"ம்."

தம்புசாமி ஓடி வந்தான். "யம்மா, இது மகாராணி முடி. கழட்டு."

"பெட்டியிலேர்ந்து வரும்போதே இதோடதான் வந்தேன்."

"அதெல்லாம் தெரியாது. அரண்மனை உத்தரவு. ரெண்டு தலையும் ஒண்ணா இருந்தா நாங்க யாரைக் கும்பிடுறது?"

"அவங்க மேல தங்கம் வரைஞ்சிருக்கு, என் மேல செதில் ஒட்டியிருக்கு. கண்ணு தெரியலையா உனக்கு?"

"நாங்க தலைக்கு மேல உள்ளதை மட்டும்தான் பார்ப்போம்."

டப்! பிடுங்கிட்டான். போயிட்டான்.

பாக்கியம் மொட்டைக் குமிழோட நின்னா. ஜெசி அண்ணாந்து பார்த்துச்சு. "அத்தை, எங்கம்மாவைப் பாத்தீங்களா?"

"நான்தான் கண்ணு உன் அம்மா."

"எங்கம்மாவுக்குப் பின்னல் இருக்கும்."

லொடக் லொடக்னு போய்ப் படகுல ஏறி உட்கார்ந்துக்கிச்சு. அம்மா வர்றவரைக்கும் அங்கேயே இருக்குமாம். பாக்கியத்துக்குப் பிளாஸ்டிக் நெஞ்சுதான். ஆனாலும் விண்டு போச்சு. வாய் மட்டும் சிரிச்சுக்கிட்டே இருந்துச்சு. என்ன பண்றது, வரைஞ்ச வாய்.

ஏதாவது ஒண்ணு தலையில ஏறணும். இல்லேன்னா மீனும் போகாது, புள்ளயும் வராது. அப்புறம் அவ தேட ஆரம்பிச்சா.

முதல்ல கிடைச்சது தீயணைக்கறவன் தலைக்கவசம். மாட்டினா. முகத்தை மூடிக்கிச்சு. "மீனேய்!"னா. உள்ளேர்ந்து "ஊஊஊ"ன்னு வந்துச்சு. அவ்வளவுதான், ஊரே வாளியோட ஓடி வந்துடுச்சு. எங்க தீ, எங்க தீன்னு கேட்டுக்கிட்டே சளார் சளார்னு கூடையில தண்ணியைக் கொட்டினாங்க. தீ இல்லைன்னு அவ சொன்னதை யாரும் கேக்கல. தலைக்கவசம் வந்தாச்சுன்னா தீ இருந்தே ஆகணும். மீனுக்கு மட்டும் கொண்டாட்டம். ஜெசி பயந்து படகுக்கு அடியில போயிடுச்சு.

கழட்டி எறிஞ்சா.

ரெண்டாவது, குப்பையில ஒரு கறுப்பு முடி கிடந்துச்சு. டக்குனு மாட்டினா. மாட்டின கையோட ஏட்டு வந்து தோள்ல கை போட்டார். "கொள்ளைக்காரா, அகப்பட்டியா?"

"ஐயா, நான் மீன்காரி."

"முடி சொல்லுது நீ யாருன்னு."

நீதிமன்றத்துல கொண்டு போய் நிறுத்தினாங்க. நீதிபதி உயரத்துல உட்கார்ந்திருந்தார். வெள்ளை முடி. பாக்கியம் பார்த்தா. இன்னொரு தடவையும் பார்த்தா. "ஐயா, உங்க முடியும் இதேதான்."

வக்கீல் எல்லாரும் கூரையைப் பார்த்தாங்க.

"நிறம் வேற," அப்படின்னார் நீதிபதி.

"அச்சு?"

"அச்சைப் பத்திப் பேசறது நீதிமன்ற அவமதிப்பு. ஏட்டு! குற்றம் பண்ணினது முடி. முடியைச் சிறையில போடு. தலையை விட்டுடு."

டப்! முடி கம்பிக்கு அந்தப்பக்கம். இன்னைக்கும் அதுக்கு வேளா வேளைக்குச் சோறு போகுது, சாப்பிடறது ஏட்டு. சிரிக்காதே, தூக்கம் போயிடும்.

வெளிய ஜெசி நின்னுச்சு. "அத்தை, அந்தக் கொள்ளைக்காரன்தான் எங்கம்மாவைத் தூக்கிட்டுப் போனானா?"

"இல்ல தங்கம்."

"அப்போ எங்க?"

அதுக்கு அவ என்ன சொல்லுவா?

"ம்?"

திரும்பிச் சந்தைக்கு வந்தா. ஐஸ் கடை காதர் பாய் பார்த்தார். "ஏம்மா பாக்கியம், மொட்டைத் தலையோட வெயில்ல நிக்கறே?"

"இருந்தா மாட்டிக்க மாட்டேனா பாய்?"

பாய் ஒரு கோனைத் திருகினார். மேல இருந்த வெள்ளை ஐஸ் தனியா வந்துச்சு. சுத்திச் சுத்திப் போய் மேல கூரா முடியும்ல, அது. "இந்தா. எல்லாத்துக்கும் அடியில ஓட்டை ஒண்ணுதான். உட்காரும் பாரு."

டக். உட்கார்ந்துச்சு.

அப்போ ஒருத்தி வந்தா. "ஏய், என்ன கொண்டை இது? புதுசா இருக்கே!"

பாக்கியம் என்ன சாதாரணப்பட்டவளா? "இது இந்த ஊருக்கு இன்னும் வரவே இல்ல," அப்படின்னா.

"எங்க கிடைக்கும்?"

"மீன் வாங்கு, சொல்றேன்."

கூடை காலி. ஜெசியும் கிட்ட வந்துச்சு. "அத்தை, கொண்டை அழகா இருக்கு. எங்கம்மா வந்ததும் கூட்டிட்டு வந்து காட்டறேன். அதுக்குள்ள போயிடாதீங்க."

"போக மாட்டேன் செல்லம்," அப்படின்னா பாக்கியம். வேற என்ன சொல்ல.

சேதி அரண்மனைக்குப் போச்சு. ராணி பல்லக்குல வந்து இறங்கிச்சு. அந்தம்மா வாய் திறந்து பேசாது. தம்புசாமி காதுல குசுகுசுன்னு சொல்லும், அவன் கத்துவான். "அந்தக் கொண்டை மகாராணிக்கு வேணும்!"

"என் பின்னலைக் குடு, தர்றேன்."

குசுகுசு.

"அந்தப் பழைய மாடலா? யாருக்கு வேணும் அது? எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போங்க!"

எல்லாத்தையுமா? அரண்மனைக் கிட்டங்கியைத் திறந்தாங்க. கடகடகடன்னு மூட்டை மூட்டையா உருண்டுச்சு. அத்தனையும் ஒத்தைப் பின்னல். கறுப்பு, மஞ்சள், பழுப்பு, பச்சை கூட. உலகத்துலயே ஒண்ணுதான்னாங்களே, அதுதான். பூட்டி வச்சிருந்த வரைக்கும் ஒண்ணு.

ராணி பின்னலைக் கழட்டி வீசிட்டு ஐஸை மாட்டிக்கிச்சு. ஊர் பாய்ஞ்சுச்சு. அதுவரைக்கும் ராணிக்கு மட்டும்னு இருந்த முடியாச்சே, விடுவாங்களா? வண்ணாத்தி தலையில பின்னல், தையல்காரி தலையில பின்னல், வாத்தியாரம்மா தலையில பின்னல். ஏட்டும் ஒண்ணு மாட்டிப் பார்த்தார். பாக்கியம் குவியலுக்குள்ள புகுந்து ஒரு கறுப்பை எடுத்துத் தலையில வச்சா, டப். அப்பாடான்னு நிமிர்ந்தா, தெரு முழுக்கப் பின்னல்.

ஜெசி ஓடி வந்துச்சு. "அம்மா!" வண்ணாத்தியைக் கட்டிக்கிச்சு. இல்ல. "அம்மா!" தையல்காரியை. இல்ல. ஆளாளுக்கு இரக்கப்பட்டாங்க. "வா கண்ணு", "வா தங்கம்", "இங்க வா செல்லம்". பாக்கியமும் அதையேதான் கத்தினா. அந்த இரைச்சல்ல அவ கண்ணு எது, அடுத்தவ தங்கம் எதுன்னு அந்தக் குட்டிக்கு எப்படித் தெரியும்? நடுவுல நின்னு சுத்திச் சுத்திப் பார்த்துச்சு. பின்னால நகர்ந்துச்சு. இன்னும் நகர்ந்துச்சு. பின்னால துறைமுக விளிம்பு. லொடக்! விழுந்துச்சு. பாதி உடம்பு தண்ணிப் பக்கம் தொங்குது.

பாக்கியத்துக்கு வந்துச்சு பாரு கோபம்.

"எருமை! கண்ணைப் பிடரியிலயாடி வச்சிருக்கே? காலு மடங்காதுன்னு தெரியும்ல, ஒரு இடத்துல நிக்க மாட்டே? விழுந்து தொலைஞ்சா நான் எங்க போய்டி தேடுவேன்?"

தெரு அடங்கிப் போச்சு. ஜெசி எழுந்துச்சு. யார் தலையையும் பார்க்கல. லொடக் லொடக் லொடக்னு நேரா வந்து அவ காலைக் கட்டிக்கிச்சு. கொஞ்சறதுக்கு ஊரே இருந்துச்சு. திட்டறதுக்கு ஒருத்திதான்.

"எங்கேம்மா போயிருந்தே?"

"இங்கயேதான்டி இருந்தேன், கழுதை."

அந்தப்பக்கம் ராணி ஐஸ் கொண்டையோட அரண்மனைக்குத் திரும்பிச்சு. பல்லக்குத் தூக்கறவன் எல்லாம் பின்னல் பொறுக்கப் போயிட்டான், அதனால நடந்தே போச்சு. வாசக் காவல்காரன் ஈட்டியைக் குறுக்க நீட்டினான். "ஐஸ் விக்கறவங்க பின்வாசலுக்குப் போகணும்."

"டேய், நான் மகாராணிடா!"

அந்தக் குரலை அவன் கேட்டதே இல்ல. யாருமே கேட்டதில்ல. தம்புசாமியும் குசுகுசுவைத்தான் கேட்டிருக்கான். மேல ஜன்னல் திறந்துச்சு. ராஜா எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா சத்தம்? சரி, வந்தது வந்துட்டே. ஒரு கோன் குடுத்துட்டுப் போ."

"அப்புறம்?"

அப்புறம் என்ன அப்புறம்? ராணி பின்வாசல்ல நிக்குது. மீன்காரி வீட்டுக்குப் போயாச்சு. கதை தீர்ந்துச்சு. அந்தப்பக்கம் திரும்பிப் படு. தூங்கு, கழுதை.