தும்பையின் வயிறு

தும்பை என்ற புள்ளிமான் வெகுகாலம் கழித்து நாவல் குளத்துக்குத் திரும்பி வந்தது. அதே குளம், அதே மரம். கிளையில் அதே பழைய தோழன், கருமூஞ்சிக் குரங்கு.

"அடி தும்பை! உயிரோடதான் இருக்கியா?"

"இருக்கேன் அண்ணே! இந்தப் பழ வாசம் நான் போன காட்டுல ஏது?"

முன்பெல்லாம் தும்பை மரத்தடியில் படுத்து அசைபோடும். குரங்கு பழம் தின்றபடி காவல் இருக்கும். மேலிருந்து கொட்டைகள் பொத்துப் பொத்தென்று விழும். சிறுத்தை வந்தால் குரங்கு குரைத்து எச்சரிக்கும். அப்போது எழுந்தால் போதும். போன காட்டிலோ குரங்கே கிடையாது. எந்தச் சத்தம் கேட்டாலும் ஓடுவதே தும்பைக்குப் பழக்கமாகிவிட்டது.

இதை அங்கே திரிந்த ஒரு நரி கவனித்தது. தும்பை படுக்கும்போதெல்லாம் புதருக்குள்ளிருந்து, "சிறுத்தை! சிறுத்தை!" என்று அலறியது. தும்பை துள்ளி எழும். தலையிலிருந்து நரம்பு வழியே 'ஓடு!' என்ற கட்டளை பறக்கும். வயிற்றுக்குப் போக வேண்டிய ரத்தம் கால்களுக்குப் போய்விடும். இப்படியே நடக்க, வயிற்றின் உட்சுவர் வெளிறிப் புண்ணாகியது. தின்ற புல் செரிக்கவில்லை. விலா எலும்பு துருத்தியது.

"இனித் தானே விழும்!" என்று நரி நாக்கைச் சப்புக்கொட்டியது.

"என்னடி இப்படி ஆயிட்டே?" என்றது குரங்கு.

"வயிறு எரியுது அண்ணே. காலு மட்டும் எந்நேரமும் ஓடத் துடிக்குது."

"ரத்தத்தையெல்லாம் காலுக்கே கொடுத்துட்டா வயிறு என்ன பண்ணும்? நான் குரைச்சேனா?"

"இல்லையே."

"அப்புறம் எதுக்கு எழுந்திரிக்கிறே? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

தும்பை வெட்கத்தோடு படுத்தது.

"ஐயோ, சிறுத்தை! பக்கத்துலயே!" என்று நரி கத்தியது.

தும்பையின் காதுகள் விறைத்தன. கால்கள் எழப் பார்த்தன. அப்போது, பொத்! ஒரு நாவல் கொட்டை முதுகில் விழுந்தது. அந்தப் பழைய சத்தம்! மேலே ஆள் இருக்கிறது.

காதுகள் மெல்லத் தொங்கின. வயிற்றுக்குள் இதமான சூடு பரவியது. தும்பை அசைபோடத் தொடங்கியது.

மழைக்காலம் வருவதற்குள் புண் ஆறி, உடம்பு பளபளத்தது. நரிக்குத்தான் தொண்டை கட்டிப்போயிற்று.

"சீ! இப்ப என் வயிறு எரியுதே!" என்று முனகியது நரி.

"எப்ப விழுவா, எப்ப விழுவான்னு தவிச்சுக் கிடந்தா எரியாதா மாப்ளே?" என்று குரங்கு இன்னொரு கொட்டையைத் துப்பியது.

ஆகவே, எந்நேரமும் பதறிக் கிடப்பவர் வயிற்றில் நல்ல உணவும் ஒட்டாது. நம்பத் தகுந்தவரைக் காவல் வைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட வேண்டும்.